'ரன்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் நம் மாணவர்க்கு அச்சம் தருவன பெரிய சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல் நீளமானதுதான். முதன்முறை படிக்கும்போது நாத் தடுமாறும். ஆயினும் அதற்கு ஒளிச்சேர்க்கை என்ற ஒரே பொருள். ஒரு முறை அகராதியைப் புரட்டி அறிந்துகொண்டால் வாழ்நாள் முழுதும் அது நம்மை ஏமாற்றாது. நம்மை ஏமாற்றுவன சிறு சொற்களே. கெட், செட், புட், டேக், ரன் முதலிய சொற்களைத் தொடக்கப் பள்ளியிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். கல்லூரிக்கு வந்து பாடநூலையும் நாளிதழையும் விரித்தால், பழகிய அந்த முகங்களே புதிய வேடம் புனைந்து வந்து நிற்கின்றன. பெரிய சொல்லைக் கண்டால் அகராதியை எடுக்கிறோம். சிறிய சொல்லைக் கண்டால் தெரிந்ததுதானே என்று கடந்து விடுகிறோம். பிழை அங்கேதான் பிறக்கிறது.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, மாநிலம் கடந்து வந்து, விரிவுரை முழுவதையும் ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டிய நம்மவர்க்கு இது விளையாட்டன்று. 'ரன்' என்றால் ஓடு, 'பாங்க்' என்றால் கரை என்று பள்ளியில் படித்த ஒருவர், பொருளாதார நூலில் 'பாங்கின் மீது ரன்' என்ற தொடரைக் கண்டு, ஆற்றங்கரையில் யாரோ ஓடுவதாக எண்ணிக்கொண்டால் அவரைக் குறை கூறலாமா? அவர் படித்தது பொய்யன்று, போதாது, அவ்வளவே.

ஆகவே இக்கட்டுரையில் 'ரன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பல பொருள்களுக்குள் வழி கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். வழி தெரிந்துவிட்டால் மற்றச் சிறு சொற்களுக்கும் அது பயன்படும்.

அகராதியில் அதன் இடம்

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை விரிவாகக் கூறும் நூல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதன் முதற் பகுதி 1884-இல் வெளிவந்தது. முழு நூலும் முற்றுப்பெற்றது 1928-இல். அப்பணிக்குத் தம் வாழ்வையே அளித்த பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே, அது முடிவதைக் காணாமலே 1915-இல் மறைந்தார். 1989-இல் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் 'செட்' என்னும் வினை. பின்னர் அகராதியைத் திருத்தி எழுதும் பணி நடந்தபோது 2000-இல் 'மேக்' என்பதும், 2007-இல் 'புட்' என்பதும், 2011-இல் 'ரன்' என்பதும் ஒன்றையொன்று வென்று முதலிடத்துக்கு வந்தன. 'ரன்' என்னும் வினைக்கு மட்டும் அங்கே 645 பொருள்கள் வகுக்கப்பட்டன. அவற்றைத் தொகுத்து முறைப்படுத்திய பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர்க்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது.

கவனித்தால் ஒன்று விளங்கும். முதலிடத்துக்குப் போட்டியிட்ட நான்கும் எளிய, பழைய, அன்றாடச் சொற்கள். எந்தச் சொல்லை மக்கள் மிகுதியாகக் கையாள்கிறார்களோ அதுவே புதுப் புது வேலைகளை ஏற்கிறது. வீட்டில் எல்லா வேலைக்கும் கூப்பிடப்படுபவர், அழைத்தவுடன் வருபவர்தானே?

645 என்ற எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டா. ஆங்கிலேயர் எவரும் அவற்றை மனப்பாடம் செய்து பேசுவதில்லை. நாமும் செய்யப் போவதில்லை.

நம் மொழியில் இல்லையா?

நம் 'பிடி' என்ற சொல்லைப் பாருங்கள். குழந்தை அம்மாவின் கையைப் பிடிக்கிறது. அடுத்த நாள் அதற்குச் சளி பிடிக்கிறது. மருந்து வேண்டா என்று அடம் பிடிக்கிறது. வெளியே மழை பிடித்துக் கொள்கிறது. அப்பா குடை பிடித்துச் சென்று பேருந்தைப் பிடிக்கிறார். அலுவலகத்தில் சம்பளத்திலிருந்து இருநூறு ரூபாய் பிடித்துக் கொள்கிறார்கள். அதனால் அவருக்கு அன்று எதுவுமே பிடிக்கவில்லை.

விடுதியில் நம்மோடு தங்கியிருக்கும் வடநாட்டு நண்பர் ஒருவர் தமிழ் கற்க விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். 'பிடி' என்றால் கையால் பற்றுதல் என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சளியைப் பிடித்தது யார், சம்பளத்தை எந்தக் கையால் பிடித்தார்கள் என்று அவர் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். 'ரன்' என்ற சொல்லின் முன் நாம் நிற்கும் நிலையும் அதுவே. ஆகவே நமக்கு ஆங்கில அறிவு குறைவு என்றோ, நம் மொழி ஏழ்மையானது என்றோ தாழ்வு கொள்ள வேண்டுவதில்லை.

ஒரு சொல் பல பொருள் உடையதாக இருப்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். 'கடி' என்ற ஓர் உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை முதலாகப் பதின்மூன்று பொருள்களை நன்னூல் எண்ணிக் காட்டுகிறது. தொல்காப்பியரோ எண்ணுவதோடு நில்லாமல், குழப்பம் நேராமல் பொருளை அறிவது எப்படி என்றும் கூறியிருக்கிறார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது அவர் காட்டும் வழி.

'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். 'மா காய்த்தது' என்றால் காய்த்தல் என்ற வினை அதனை மரம் என்று காட்டிவிடுகிறது. 'மாவும் பலாவும்' என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் காட்டுகிறது. போருக்குப் புறப்படும் வீரன் 'மாவைக் கொண்டு வா' என்றால் இடமும் சூழலுமாகிய சார்பு அதனைக் குதிரை என்று காட்டுகிறது. எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பு வகுத்த வழி! ஆங்கிலச் சொல்லுக்கும் அது பொருந்துகிறது. பெயர்ச்சொல்லை மனத்திற்கொண்டு சொன்ன அவ்வழியை வினைச்சொல்லுக்கு ஏற்பச் சற்று மாற்றி, மூன்று கேள்விகளாக வைத்துக் கொள்வோம். அவற்றுக்கு முன் அச்சொல்லின் நடுப் பொருள் யாதென அறிய வேண்டும்.

நடுவில் இருப்பது என்ன?

'ரன்' என்றவுடன் நம் கண்முன் வருவது காலால் விரைந்து செல்லுதல். ஆனால் அச்சொல்லின் உறவினரைத் தேடிப் போனால் வேறொன்றும் தெரிகிறது. ஆங்கிலத்தின் உடன்பிறந்த மொழியாகிய ஜெர்மனில் 'ரென்னன்' என்றால் ஓடுதல். 'ரின்னன்' என்றால் நீர் ஒழுகுதல். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்ற சொல் இவ்விரண்டையுமே குறித்தது. ஆகவே 'ரன்' என்பதன் நடுவில் இருப்பது காலன்று. இடைவிடாமல், தடையின்றி, ஒரு போக்கில் செல்லுதல் என்பதே அதன் உட்கரு. குதிரை செல்வதும் அதுதான். ஆறு செல்வதும் அதுதான். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் தாமே வந்து பொருந்தும்.

முதற் கேள்வி: ஓடுவது எது?

வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். மனிதனோ விலங்கோ ஆனால் ஓடுதல். ஆறானால் பாய்தல். மூக்கானால் ஒழுகுதல். துணியின் சாயமானால் கலைந்து இறங்குதல். கடிகாரமும் இயந்திரமும் ஆனால் இயங்குதல். சாலையோ மலைத்தொடரோ ஆனால் நீண்டு செல்லுதல். அங்கே எதுவும் அசைவதில்லை, நம் கண்தான் அதன் வழியே செல்கிறது. செய்தி ஆனால் வெளியாதல். இசைத்திறமோ நோயோ ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறது என்றால் வழிவழியாக வருதல்.

நாடகமோ திரைப்படமோ ஆனால் தொடர்ந்து நடைபெறுதல். இங்கே தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக் கொள்கின்றன. அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்டிராப்' என்ற நாடகம் இலண்டனில் 1952 நவம்பரில் தொடங்கி, 2020-இல் பெருந்தொற்றுக்காக நிறுத்தப்படும் வரை இடைவிடாது 'ரன்' ஆயிற்று. 2021-இல் மீண்டும் தொடங்கியது. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடிற்று. இரண்டு மொழியினரும் இங்கே ஓட்டத்தையே நினைத்திருக்கின்றனர்.

இரயில் ஓடுவதிலும் இரு மொழிக்கும் ஒற்றுமை உண்டு; ஆயினும் நுட்பமான வேறுபாடு ஒன்றும் உண்டு. 'இந்த வண்டி செவ்வாய்க்கிழமைகளில் ரன் ஆகும்' என்றால் அது அசைந்து செல்வதை மட்டும் குறிக்கவில்லை. அன்று அந்த வண்டி உண்டு என்பதே கருத்து. ஊருக்குப் போகக் காத்திருக்கும் நமக்கு, வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக 'ரன்' ஆகிறது என்று அறிவிக்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் அசையாமல் நின்றுகொண்டிருக்கலாம்! அதன் கால அட்டவணைதான் ஓடுகிறது.

காலத்தைப் பற்றி இச்சொல் வரும்போது மிகுந்த கவனம் வேண்டும். சட்டம் பயிலும் நண்பர்கள் இதனை நன்கு அறிவர். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒருவர்க்குக் கைம்மாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டு காலம் உண்டு. அக்காலம் கடன் கொடுத்த நாளிலிருந்து 'ரன்' ஆகத் தொடங்குகிறது. அதாவது நாள்களை எண்ணும் கணக்கு அன்று தொடங்குகிறது. அந்தத் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டவன் பணத்தை இழப்பான்.

இதைவிடப் பெரியதும் உண்டு. ஒருவனுக்கு இரு குற்றங்களுக்காக மூன்று ஆண்டும் ஐந்து ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது. அவை ஒருங்கே 'ரன்' ஆகும் என்று நீதிபதி கூறினால் அவன் ஐந்து ஆண்டில் வெளிவருவான். ஒன்றன்பின் ஒன்றாக 'ரன்' ஆகும் என்று கூறினால் எட்டு ஆண்டு. இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து வந்து நீதிமன்ற வாயிலில் நிற்கும் தாய்க்குத் தீர்ப்பை எடுத்துச் சொல்பவர், 'தண்டனைகள் சேர்ந்து ஓடுமாம்' என்று சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? 'இரண்டையும் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும். ஆக ஐந்து ஆண்டு' என்று சொன்னால்தான் விளங்கும். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டாம் கேள்வி: ஓட்டப்படுவது உண்டா?

வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். 'அவன் ரன் செய்கிறான்' என்பதோடு நின்றால் ஓடுகிறான் என்று பொருள். 'அவன் ஒரு கடையை ரன் செய்கிறான்' என்றால் அவன் ஓடவில்லை, கடையை நடத்துகிறான்.

தமிழில் இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. ஆடு, ஆட்டு; இயங்கு, இயக்கு; திருந்து, திருத்து என்று சொல்லின் வடிவமே செய்பவன் யார், செய்விப்பவன் யார் என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் இப்படித்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு 'ரின்னன்', 'இர்னன்' என்ற வடிவங்களும், குதிரை முதலியவற்றை ஓடச் செய்வதற்கு 'ஆர்னன்' என்ற வேறொரு வடிவமும் வழங்கின. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஒலி தேய்ந்து, இரண்டும் ஒன்றாகக் கலந்து 'ரன்' என்ற ஒரே சொல்லாயின. உட்கார்தலுக்கு 'சிட்', உட்காரச் செய்தலுக்கு 'செட்'. எழுதலுக்கு 'ரைஸ்', எழுப்புதலுக்கு 'ரெய்ஸ்' என்று ஒரு சில இணைகள் மட்டுமே இன்றும் எஞ்சி நிற்கின்றன. 'ரன்' என்பதில் அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஆகவே வடிவம் சொல்லாததை நாம் செயப்படுபொருளைக் கொண்டு அறிய வேண்டியிருக்கிறது.

செயப்படுபொருள் மாறினால் தமிழ் வினையும் மாறும். பள்ளி, கடை, நிறுவனம் ஆனால் நடத்துதல். இயந்திரமோ கணினி நிரலோ ஆனால் இயக்குதல். குளியல் தொட்டிக்குத் தண்ணீர் ஆனால் திறந்துவிடுதல். விளம்பரமோ செய்தியோ ஆனால் வெளியிடுதல். ஏட்டின் மேல் கண்ணை 'ரன்' செய்தால் மேலோட்டமாகப் பார்த்தல். ஆபத்தை 'ரன்' செய்தால் அதற்கு ஆளாதல். காய்ச்சலை ஒருவர் 'ரன்' செய்கிறார் என்று மருத்துவர் எழுதியிருந்தால், அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்பதே கருத்து.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஆங்கிலேயர் ஓட்டுகின்ற கடையையும் பள்ளியையும் தமிழர் நடத்துகிறோம். 'நட' என்பதன் பிறவினையே 'நடத்து'. அவர்கள் ஓடச் செய்வதை நாம் நடக்கச் செய்கிறோம்! நாம் மெத்தனமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு பொருளை அறிவிக்க ஒவ்வொரு மொழியும் தனக்கெனத் தேர்ந்துகொண்ட உவமை அது. தமிழில் 'கடையை ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்றும் சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர் முகத்தைப் பாருங்கள். வருவாய் போதவில்லை, எப்படியோ சமாளிக்கிறேன் என்ற குறிப்பு அதில் உண்டு. 'குடும்பத்தை ஓட்டுகிறேன்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் 'கடையை ரன் செய்கிறார்' என்பதில் அத்தகைய வருத்தம் எதுவும் இல்லை. செழிப்பாகக் கடை வைத்திருப்பவரைப் பற்றிய ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கும்போது 'கடையை ஓட்டி வருகிறார்' என்று எழுதினால், அவரை நாமே கடனாளி ஆக்கிவிடுவோம்.

மூன்றாம் கேள்வி: பக்கத்தில் நிற்பது யார்?

ஆங்கிலத்தில் சிறு வினைகளுக்குப் பின்னால் அவுட், இன்டு, ஓவர், டவுன், அப் போன்ற சிறு இடைச்சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. வினையைவிடச் சில வேளை அந்த வாலுக்கே வலிமை மிகுதி.

'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோதல். பேனாவில் மை, சமையலறையில் எரிவாயு, மனத்தில் பொறுமை எல்லாம் 'ரன் அவுட்' ஆகும். பானையிலிருந்து நீர் முழுதும் ஒழுகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆட்டக்களத்தில் மட்டும், ஓடிக்கொண்டிருக்கையில் எல்லையைச் சேருமுன் ஆட்டமிழத்தல்.

'ரன் இன்டு' என்றால் மோதிக் கொள்ளுதல். வண்டி மரத்தில் மோதினாலும் அதுதான். கடைத்தெருவில் பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தாலும் அதுதான். நண்பருக்குக் காயம் பட்டதா என்று கேட்டுவிடாதீர்கள்! செலவு இலட்சக்கணக்கில் 'ரன் இன்டு' ஆனது என்றால் அந்த அளவை எட்டியது என்று பொருள்.

'ரன் ஓவர்' என்றால் வண்டி ஒருவர் மேல் ஏறுதல். பாத்திரம் பொங்கி வழிதல். பேச்சாளர் தமக்களித்த நேரத்தை மீறிப் பேசுதல். மூன்றிலும் எல்லையைத் தாண்டுதல் என்ற கருத்து இருக்கிறது. நம் சங்கக் கூட்டங்களில் மூன்றாவது வகையை அனைவரும் அனுபவித்திருப்போம்.

'ரன் டவுன்' என்றால் பேட்டரியின் ஆற்றல் குறைதல்; ஒருவரைப் பற்றி இழிவாகப் பேசுதல்; உடலோ கட்டடமோ நலிந்து கிடத்தல். எல்லாம் கீழ்நோக்கிய போக்கே. 'ரன் அப்' என்றால் மேல்நோக்கிய போக்கு. கொடியை ஏற்றினாலும் அதுதான். கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போனாலும் அதுதான். கடன் ஏறுகிறது என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

பெயராக வரும்போது

இச்சொல் பெயராகவும் வரும். அப்போது இடத்தையும் துறையையும், அதாவது தொல்காப்பியர் கூறிய சார்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டில் 'ரன்' என்பது ஓட்டம். இரு மட்டையாளர்களும் எதிரெதிர் முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஓர் ஓட்டம். பெயர் அப்படி வந்ததேயாயினும், பந்து தரையில் உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு ஓட்டம். தரையைத் தொடாமல் எல்லையைக் கடந்தால் ஆறு. செயலிலிருந்து பிறந்த சொல், செயலை விட்டுக் கணக்காகிவிட்டது.

பொருளாதாரத்தில் 'லாங் ரன்', 'ஷார்ட் ரன்' என்ற இரு தொடர்கள் அடிக்கடி வரும். நெடுங்காலம், குறுங்காலம் என்று எழுதுகிறோம். ஆனால் இத்தனை நாள், இத்தனை மாதம் என்று அவற்றுக்கு அளவில்லை. உற்பத்திக்கு வேண்டிய காரணிகளுள் ஒன்றையேனும் மாற்ற இயலாத காலப்பகுதி குறுங்காலம். கட்டடம், இயந்திரம் உட்பட எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளக் கூடிய காலப்பகுதி நெடுங்காலம். தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவர்க்கு நெடுங்காலம் சில வாரங்களில் வந்துவிடும். இரும்பாலைக்குப் பல ஆண்டு ஆகும். தேர்வில் ஆண்டுக் கணக்கு எழுதி மதிப்பெண் இழப்பவர் உண்டு.

இனி, தொடக்கத்தில் கண்ட 'பாங்கின் மீது ரன்'. பாங்கில் பணம் போட்டவர்கள், அது முறிந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஒரே சமயத்தில் திரண்டு சென்று பணத்தைத் திரும்பக் கேட்பதே அது. எந்தப் பாங்கும் வைப்புத்தொகை முழுவதையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல பாங்கும் தள்ளாடும். 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு இவ்வாறு கதவடைத்தது. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கு வீழ்ந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை இழந்தோர் பலர். அதன்பின் வைப்புத்தொகைக் காப்புறுதித் திட்டம் 1962 ஜனவரி முதல் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அன்று 1,500 ரூபாயாக இருந்த காப்பு வரம்பு 2020-இல் ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2023 மார்ச் 9-ஆம் நாள் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பாங்கிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர் முற்பட்டனர். மறுநாள் பாங்கு மூடப்பட்டது. அவருள் பெரும்பாலோர் வீதியில் ஓடவில்லை. இருந்த இடத்திலிருந்து கணினியிலும் கைப்பேசியிலும் விரலை அழுத்தினர். ஆயினும் அதன் பெயர் 'ரன்' என்பதுதான். பழைய சொல் புதிய காலத்துக்குள் நுழைவதை இங்கே நேரிற் காண்கிறோம்.

மற்றொரு வேடிக்கை. அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்கின்றனர். ஆங்கிலேயர் தேர்தலில் 'ஸ்டாண்டு' செய்கின்றனர். ஒரே வேலை, ஒருவர் ஓடுகிறார், மற்றவர் நிற்கிறார். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கிறோம். ஆகவே அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது அங்கே ஓடுபவரை இங்கே நிற்க வைத்தால்தான் தமிழாகும்.

இதனால் அறிவது

ஓடு, ஓட்டு, பாய், ஒழுகு, இயங்கு, இயக்கு, நடத்து, செல், வெளியிடு, தீர் என்று தமிழ் பல சொற்களாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் 'ரன்' என்ற ஒரு சொல்லில் அடக்கியிருக்கிறது. 'பிடி' என்று நாம் ஒரு சொல்லில் அடக்கியதை அவர்கள் பலவாகப் பிரிக்கின்றனர். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஆனால் இதை உணராவிட்டால் இருவகையில் இழப்பு உண்டு.

ஒன்று, ஆங்கிலத்தில் படிப்பது அரைகுறையாக விளங்கும். மற்றொன்று, நம் தமிழ் சுருங்கும். இன்று நம் விடுதிப் பேச்சைக் கேளுங்கள். கடையை 'ரன் பண்ணுகிறார்', இயந்திரத்தை 'ரன் பண்ணுகிறார்', நிரலை 'ரன் பண்ணுகிறார்', சங்கத்தையும் 'ரன் பண்ணுகிறார்'. நடத்து, இயக்கு என்ற நல்ல சொற்கள் வேலையின்றி இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் எந்தப் பொருள் இங்கே வந்திருக்கிறது என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் ஆங்கில அறிவு கூர்மையாகும். அதற்குரிய தமிழ் வினையும் நாவுக்கு வந்துவிடும். ஒரே முயற்சியில் இரு மொழியும் வளரும்.

நண்பர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். அதில் சொல்லை மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுத வேண்டா. படித்த வாக்கியம் முழுவதையும் எழுதுங்கள். ஓடுவது எது, ஓட்டப்படுவது உண்டா, பக்கத்தில் நிற்பது யார் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிறகு அவ்வாக்கியத்தை நம் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

பயிற்சி

கீழ்க்காணும் வாக்கியங்களில் ஓடு என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றையும் 'ரன்' என்ற சொல்லை அமைத்து ஆங்கிலத்தில் கூறலாம். முயன்று பாருங்கள்; எந்தக் கேள்வி உங்களுக்கு உதவியது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

1. தேர்வு முடியும் முன்பே பேனாவில் மை தீர்ந்துவிட்டது.
2. என் அத்தை மதுரையில் ஓர் உணவு விடுதி நடத்துகிறார்.
3. தம்பிக்கு நேற்றிரவு முதல் காய்ச்சல் அடிக்கிறது.
4. புதுச் சட்டையின் சாயம் இறங்கி வேட்டியெல்லாம் சிவப்பாகிவிட்டது.
5. அந்தக் குடும்பத்தில் இசை வழிவழியாக வருகிறது.
6. நூலகத்து வாயிலில் என் பள்ளி ஆசிரியரைத் தற்செயலாகச் சந்தித்தேன்.
7. குத்தகை இன்னும் இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.
8. தலைவர் பேச்சு அரைமணி நேரம் மிகுந்துவிட்டது.